நின்றுகொண்டிருக்கும் கார் மின்கட்டமைப்புக்குத் தோள்கொடுப்பது எப்படி?

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கிய பிறகு அங்கே பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. சுத்திகரிப்பு ஆலைகள் நின்றுபோயின, சாலைகள் துண்டாகிக் கிடந்தன, பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பல இடங்களில் பெட்ரோலுக்கு முன்பே மின்சாரம் வந்துவிட்டது. அதனால் மிட்சுபிஷி தன் ஐ-மீவ் மின்சாரக் கார்களையும் நிசான் தன் லீஃப் மின்சாரக் கார்களையும் நிவாரணப் பணிக்குக் கொடுத்தன. வண்டிகள் நன்றாகவே ஓடின. ஆனால் ஒரு பெரிய குறை தெரிந்தது. காருக்குள் ஒரு வீட்டுக்கு ஒரு நாள் முழுக்கப் போதுமான மின்சாரம் இருக்கிறது. பக்கத்து முகாம் இருட்டில் கிடக்கிறது. காரிலிருந்து அதை வெளியே எடுக்க வழி இல்லை.

அடுத்த ஆண்டே அந்த வழி வந்துவிட்டது. ஐ-மீவ் காரில் செருகினால் 1,500 வாட் தரும் பெட்டி ஒன்றை மிட்சுபிஷி விற்கத் தொடங்கியது. லீஃப் காரை வீட்டின் மெயின் போர்டோடு இணைக்கும் கருவியை நிசான் கொண்டுவந்தது. 2013 ஜனவரியில் மிட்சுபிஷி அவுட்லேண்டரின் பிளக்-இன் ஹைபிரிட் ரகம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, நிறுவனம் அதன் சிறப்பாகச் சொன்னவற்றில் ஒன்று இது: ஒரு சராசரி ஜப்பானிய வீட்டை பேட்டரியை மட்டும் வைத்து ஒரு நாளும், டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தால் சுமார் பத்து நாளும் ஓட்டலாம்.

இருட்டில் கிடக்கும் ஒரு வீட்டுக்கு விளக்கேற்றுவது ஒரு வேலை. நாடு முழுக்கக் கம்பி இழுத்து, கோடிக்கணக்கான வீடுகளையும் ஆலைகளையும் தாங்கி நிற்கும் மின்கட்டமைப்புக்கு அதே கார் கைகொடுப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாக எண்ணுபவர்கள் நிறைய. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. அதில்தான் பெரிய பலன் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

எது பிளக்-இன் ஹைபிரிட்?

சாதாரண ஹைபிரிட் காரிலும் பேட்டரி உண்டு, மின்மோட்டார் உண்டு. ஆனால் அந்தப் பேட்டரி சின்னது. பிரேக் போடும்போது வீணாகிற ஆற்றலைப் பிடித்தும், எஞ்சின் ஓட்டத்திலிருந்தும்தான் அது நிரம்பும். நம் சாலைகளில் பார்க்கும் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் எல்லாம் இந்த ரகம். சார்ஜரைச் செருக அவற்றில் இடமே கிடையாது. ஆகவே மின்கட்டமைப்புக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி இன்னும் பெரிது. வீட்டு மின்சாரத்திலேயே சார்ஜ் போடலாம். ஊருக்குள் போய்வர அந்த மின்சாரமே போதும். அது தீர்ந்தால், அல்லது நெடுந்தூரம் போனால், பெட்ரோல் எஞ்சின் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். 2004இல் கலிஃபோர்னியாவின் கால்கார்ஸ் என்ற தன்னார்வக் குழு டொயோட்டா பிரியஸ் ஒன்றில் கூடுதல் பேட்டரியும் பிளக்கும் பொருத்தி இது நடக்கும் என்று காட்டியது. 2008 டிசம்பரில் சீனாவின் பிஒய்டி நிறுவனம் எஃப்3டிஎம் என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2010 டிசம்பரில் அமெரிக்காவில் செவர்லே வோல்ட் வந்தது. இந்தியாவில் இந்த ரகம் இன்னும் அரிது. வருபவையும் பெரும்பாலும் சொகுசு கார்கள்.

கணக்குக்குள் போகும் முன் இரண்டு அளவுகளைப் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது. மின்கட்டண ரசீதில் நாம் பார்க்கும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் ஒரு யூனிட். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை யூனிட் சொல்லும். எவ்வளவு வேகத்தில் கொடுக்க அல்லது வாங்க முடியும் என்பதை கிலோவாட் சொல்லும். வீட்டு இன்வெர்ட்டரோடு வரும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 1.8 யூனிட் இருக்கும். முதல் அவுட்லேண்டரின் பேட்டரி 12 யூனிட், அதாவது அப்படிப்பட்ட ஆறேழு பேட்டரிகள். வோல்ட்டில் 16 யூனிட்.

கட்டமைப்புக்கு என்ன தேவை?

மின்கட்டமைப்பில் சேமிப்பு என்பது மிகக் குறைவு. இந்த நொடியில் எல்லோரும் சேர்ந்து எவ்வளவு இழுக்கிறோமோ, அவ்வளவையும் இந்த நொடியிலேயே எங்கோ ஓர் அனல்மின் நிலையமோ அணையோ காற்றாலையோ தந்துகொண்டிருக்க வேண்டும். ஏற்றத்தில் பாரம் கூடினால் மாட்டின் நடை தளர்வதுபோல, இழுவை கூடினால் எல்லா மின்நிலையங்களின் சுழலிகளும் ஒருசேரக் கொஞ்சம் வேகம் குறையும். இழுவை குறைந்தால் வேகம் கூடும். அந்த வேகத்தைத்தான் ஃபிரீக்வென்சி என்று அளக்கிறார்கள். நமக்கு அது நொடிக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60. இந்தியாவின் விதிப்படி அது 49.90க்கும் 50.05க்கும் இடையே நிற்க வேண்டும். எவ்வளவு குறுகலான இடைவெளி என்று பாருங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரில் மின்நிலையங்கள் வரிசையாக நின்றபோது அங்கே ஃபிரீக்வென்சி 59.4க்குக் கீழே நான்கு நிமிடங்களுக்கு மேல் கிடந்தது. அந்த நிலை ஒன்பது நிமிடம் நீடித்திருந்தால் மிச்சமிருந்த நிலையங்களும் தங்களைத் தாங்களே துண்டித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். மொத்தக் கட்டமைப்பும் சரிந்திருக்கும்.

ஆகவே கட்டுப்பாட்டு மையங்கள் சில நிலையங்களுக்கு 'கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை' என்று இடைவிடாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தச் சேவைக்குத் தனியாகப் பணம் உண்டு. இதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது: பணம் பெரும்பாலும் தந்த யூனிட்டுக்காக இல்லை, கூப்பிட்ட கணத்தில் எழுந்து வரத் தயாராக இருப்பதற்காக. கூட்டலும் கழித்தலும் மாறிமாறி வருவதால் ஒரு மணி நேர முடிவில் நிகரமாகக் கொடுத்தது மிகக் கொஞ்சமாகவே இருக்கும்.

மாபெரும் நீராவிச் சுழலிக்கு இப்படி முன்னும் பின்னும் அசைவது சிரமம். பேட்டரிக்கு அது இயல்பு. கண்ணிமைக்கும் நேரத்தில் வாங்குவதை நிறுத்திக் கொடுக்கத் தொடங்கிவிடும்.

இந்த வேலைக்கு நின்றுகொண்டிருக்கும் காரின் பேட்டரியைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லெட் கெம்ப்டனும், ஸ்டீவன் லெட்டென்ட்ரே என்பவரும் 1997இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கெம்ப்டன் பிறகு யாஸ்னா தோமிச்சுடன் சேர்ந்து 2005இல் போட்ட கணக்கு இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் ஓடும் கார்களின் மொத்த எஞ்சின் திறன் அந்நாட்டு மின்நிலையங்களின் மொத்தத் திறனைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. ஆனால் ஒரு கார் சராசரியாக ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கிறது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. கார்கள் எதற்கு லாயக்கில்லை என்பதையும் சொன்னார்கள்: இரவும் பகலும் விடாமல் தரவேண்டிய அடிப்படை மின்சாரத்துக்கு அவை வேண்டாம், கட்டுப்படியாகாது. ஃபிரீக்வென்சியைச் சரிசெய்யவும், ஒரு நிலையம் திடீரென்று நின்றால் சில நிமிடம் தாங்கிப் பிடிக்கவும் அவைதான் சரி.

2007இல் அதைச் செய்தும் காட்டினார்கள். ஏசி புரொபல்ஷன் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் மாற்றியமைத்த ஈ-பாக்ஸ் என்ற மின்சாரக் காரை டெலவேரில் செருகிவைத்து, பிஜேஎம் என்ற மின்கட்டமைப்பு அமைப்பின் கட்டளைக்கு ஏற்ப மின்சாரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் வைத்தார்கள். பிஜேஎம் சாதாரண அமைப்பு இல்லை. முழுதாகவோ பகுதியாகவோ 13 மாநிலங்களிலும், வாஷிங்டன் நகரிலும் மின்சாரத்தைச் சமன்செய்வது அதுதான். சில நொடிகளுக்கு ஒரு முறை கட்டளை வரும், கார் உடனே கேட்கும். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் கூகுளின் அறக்கட்டளைப் பிரிவும் பிஜி அண்ட் இ மின்நிறுவனமும் பிளக் பொருத்திய ஒரு பிரியஸை வைத்து, காரிலிருந்து மின்சாரத்தைக் கட்டமைப்புக்குத் திருப்பி அனுப்பிக் காட்டின.

ஒற்றைக் காரோடு சந்தைக்குப் போக முடியாது. பிஜேஎம் சந்தையில் நுழையக் குறைந்தது 100 கிலோவாட் வேண்டும். ஆகவே பல கார்களைச் சேர்த்து, வெளியே ஒரே மின்நிலையம்போல் காட்டும் இடைத்தரகர் நிறுவனம் தேவை. எந்தக் கார் எத்தனை மணிக்குக் கிளம்பும், எதில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து வேலையைப் பங்கிடுவது அதன் மென்பொருள். 2013இல் டெலவேர் பல்கலைக்கழகமும் என்ஆர்ஜி நிறுவனமும் மினி-இ மின்சாரக் கார்களை இப்படித் தொகுத்து பிஜேஎம்முக்கு உண்மையிலேயே விற்றன.

ராத்திரி ஏழு மணியிலிருந்து காலை ஆறு வரை

திருப்பிக் கொடுப்பது பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அதைவிட எளிதான, இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு: எப்போது வாங்குவது என்பதை மாற்றுவது.

12 யூனிட் பேட்டரி கொண்ட ஒரு கார் மாலை ஏழு மணிக்குக் கிட்டத்தட்டக் காலியாக வீடு வருகிறது என்று வையுங்கள். சார்ஜர் 3.3 கிலோவாட். நிரம்ப நான்கு மணி நேரம்கூட ஆகாது. காலை ஆறு மணிக்குத்தான் மறுபடி வண்டி வேண்டும். செருகியிருப்பது பதினொரு மணி நேரம், தேவை நான்கு மணி நேரம். நடுவில் ஏழு மணி நேரம் மிச்சம். அந்த மிச்சம்தான் கட்டமைப்புக்குக் கிடைக்கும் வரம்.

வந்ததும் வராததுமாகச் செருகி, உடனே சார்ஜ் ஏறத் தொடங்கினால் அது தெருவுக்கே தொல்லை. விளக்கு, டிவி, ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும் அதே நேரத்தில் பத்துக் கார்கள் சேர்ந்தால் 33 கிலோவாட் கூடுதல் பாரம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் அதை நினைத்து வைக்கப்பட்டதாக இருக்காது. அதே பத்துக் கார்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஐந்து ஐந்தாக முறைவைத்து எடுத்துக்கொண்டால் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெரியக்கூடத் தெரியாது. காலையில் எல்லா பேட்டரியும் நிறைந்திருக்கும். இதற்குக் காருக்குள் புதிய கருவி எதுவும் வேண்டாம். மின்சாரம் திரும்பிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

சூரிய மின்சாரம் பெருகிய ஊர்களில் இது இன்னும் முக்கியம். கலிஃபோர்னியாவில் நண்பகலில் தேவைக்கு மேல் கிடைக்கிறது. சூரியன் சாயும் நேரத்தில் அது சட்டென்று மறைய, வீடுகளின் தேவை மட்டும் ஏறுகிறது. 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் வெப்ப அலை நடுவே அங்கே சுழற்சி முறையில் மின்வெட்டு செய்ய நேர்ந்தது மாலையில்தான். மதியம் அலுவலக வாசலில் நிற்கும் கார் அப்போதே நிரப்பிக்கொண்டால், மாலையில் கட்டமைப்பிடம் கேட்க அதற்கு ஒன்றும் இருக்காது. நம் மாநிலத்திலும் ஆடிக் காற்றில் காற்றாலைகள் கொட்டிக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் வாங்க முடியாமல் சிலவற்றை நிறுத்தச் சொல்லும் நிலை வந்திருக்கிறது. கேட்ட நேரத்தில் வாங்கிக்கொள்ளும் பாரம் என்பது உண்மையிலேயே ஒரு வளம்.

எவ்வளவு பெரிய வளம்? வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் ஒரு நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே உள்ள தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் தரும். 3.3 கிலோவாட் கார்களில் அதே வேகத்தை எட்ட சுமார் 1,20,000 கார்கள் ஒரே நேரத்தில் செருகியிருக்க வேண்டும். அவை ஒவ்வொன்றிலும் 12 யூனிட் இருந்தால் மூன்றரை மணி நேரம் தாங்கும். ஒரு லட்சத்துக்கு மேல் கார்கள் என்பது சின்ன எண் இல்லைதான். ஆனால் அதற்காக மலையைக் குடைய வேண்டாம், அணை கட்ட வேண்டாம். கார்களை மக்கள் ஏற்கெனவே தங்கள் தேவைக்காக வாங்கியிருப்பார்கள்.

பெட்ரோல் இருப்பது வரமா, சிக்கலா?

முழு மின்சாரக் கார் வைத்திருப்பவரிடம் 'ராத்திரி உங்கள் பேட்டரியைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறோம்' என்று கேட்டால் முதலில் வரும் பயம், காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதுதான். நியாயமான பயம். அதனால் அவர் பாதிக்கு மேல் தொடக்கூடாது என்று எல்லை வைப்பார். பிளக்-இன் ஹைபிரிட் வைத்திருப்பவருக்கு இந்தப் பயம் இல்லை. பேட்டரி காலியாக இருந்தாலும் டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, வண்டி கிளம்பும். சின்ன பேட்டரியாக இருந்தாலும் அதில் பெரும்பகுதியை அவர் தைரியமாகக் கடன் கொடுக்கலாம். இந்த ரகத்தின் தனிப் பலம் இதுவே.

ஆனால் கடன் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கட்டமைப்பு எட்டு யூனிட் எடுத்துக்கொண்டு காலைக்குள் திருப்பவில்லை. ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்தால் 48 கிலோமீட்டர் ஓட வேண்டிய மின்சாரம் போய்விட்டது. அந்தத் தூரத்தை லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் எஞ்சினில் ஓட்டினால் 3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 300 ரூபாய். அதாவது எடுத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 37 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் உரிமையாளருக்கு நட்டமில்லை. மின்நிலையத்தில் வர வேண்டிய புகை வண்டியின் சைலன்சரில் வந்து சேரும், அவ்வளவுதான் நடந்திருக்கும். ஃபிரீக்வென்சி சேவையில் இந்தச் சிக்கல் இல்லை; எடுத்தது உடனுக்குடன் திரும்பி வந்துவிடுகிறது. மாலையில் கொடுத்து நள்ளிரவில் வாங்குவதிலும் இல்லை.

காரை நிறுத்திவைத்து எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுப்பது இன்னும் மோசமான கணக்கு. அவுட்லேண்டரின் பத்து நாள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 10 யூனிட் வீதம் 100 யூனிட். அதில் 12 பேட்டரியிலிருந்து. மிச்சம் 88 யூனிட் 45 லிட்டர் பெட்ரோலிலிருந்து. லிட்டருக்கு இரண்டு யூனிட்கூட முழுதாக வரவில்லை, ஒரு யூனிட் 50 ரூபாய்க்கு மேல். அன்றாடம் கட்டமைப்பைத் தாங்க இது வழியே இல்லை. ஆனால் புயலில் கம்பங்கள் சாய்ந்து, ஆக்சிஜன் கருவி ஓட வேண்டிய வீட்டில் மின்சாரம் இல்லாதபோது யாரும் ஐம்பது ரூபாயைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். 2019 செப்டம்பரில் ஃபாக்சாய் புயல் ஜப்பானின் சீபா மாகாணத்தை இருட்டாக்கியபோது கார் நிறுவனங்கள் இப்படிப்பட்ட வண்டிகளை அங்கே அனுப்பின. ஒரே எச்சரிக்கை: எஞ்சின் ஓடினால் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். மூடிய ஷெட்டுக்குள் வைத்து ஓட்டினால் உயிருக்கே ஆபத்து. வண்டி திறந்த வெளியில்தான் நிற்க வேண்டும்.

நடுவில் நிற்கும் தடைகள்

முதல் தடை காருக்குள்ளேயே. பேட்டரியில் இருப்பது ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரம், கட்டமைப்பில் ஓடுவது திசை மாறிமாறிப் பாயும் ஏசி மின்சாரம். பெரும்பாலான கார்களின் சார்ஜர் ஏசியை டிசியாக மாற்றும், திருப்பி மாற்றாது. சாடெமோ என்ற ஜப்பானிய சார்ஜிங் இணைப்பில் இருவழிப் போக்குவரத்துக்கு முன்பே இடம் இருந்தது. அவுட்லேண்டரில் அந்த இணைப்பு இருந்ததால்தான், பிளக்-இன் ஹைபிரிட்டாக இருந்தும், 2017இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சோதனைக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற இணைப்புகளுக்கு வழிசெய்யும் ஐஎஸ்ஓ 15118-20 தரநிலை 2022இல்தான் வந்தது. வாங்கும்போது விசாரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரின் பிளக் பாயிண்டில் மிக்ஸி ஓடுகிறது என்றால் அது வீட்டு வயரிங்கோடு இணையும் என்று அர்த்தமில்லை. வீட்டோடு இணைந்தாலும் கட்டமைப்புக்குத் தரும் என்று அர்த்தமில்லை. மூன்றும் மூன்று படிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனி அனுமதி.

பாதுகாப்பில் சமரசத்துக்கு இடமே இல்லை. லைனில் சப்ளை இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பம் ஏறியிருக்கும்போது, ஏதோ ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் லைனுக்குள் திரும்பி வந்தால் அவர் உயிர் போகும். லைனிலிருந்து வீட்டைப் பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் மாட்டும் வீடுகளால் இந்த ஆபத்து இன்றும் இருக்கிறது. ஆகவே கட்டமைப்பில் சப்ளை நின்ற கணமே காரும் அதிலிருந்து தானாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும். அது இல்லாத கருவியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

பேட்டரி தேயாதா? தேயும். முழுதாகக் காலிசெய்து நிரப்புவதை அடிக்கடி செய்தால் கூடுதலாகத் தேயும். நடுவில் சின்னச் சின்னதாக ஏறி இறங்கினால் தேய்மானம் குறைவு. சின்ன பேட்டரியில் அதே பத்து யூனிட் என்பது பெரிய பங்கு என்பதால் பிளக்-இன் ஹைபிரிட்டுக்குக் கவனம் அதிகம் வேண்டும். போக வர இழப்பும் உண்டு. நூறு யூனிட் உள்ளே போனால் எழுபது எண்பதுதான் வெளியே வரும். இந்த இரண்டையும் ஈடுகட்டும் பணம் உரிமையாளருக்கு வர வேண்டும். டெலவேர் மாநிலம் 2009இலேயே சட்டம் போட்டது: கார் திருப்பித் தரும் மின்சாரத்துக்கு, சார்ஜ் போடும்போது வாங்கும் அதே விலையில் வரவு வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு பழக்கம். ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பிளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, ஆய்வகச் சோதனை சொன்னதைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு. பெரிய காரணம், பலர் சார்ஜ் போடுவதே குறைவு, பெட்ரோலிலேயே ஓட்டிவிடுகிறார்கள். செருகாத கார் கட்டமைப்பின் கண்ணுக்கே தெரியாது. வீடு வந்ததும் செருகிவைக்கும் பழக்கம் வர, அதற்கொரு பலன் கையில் தெரிய வேண்டும். இந்தியாவில் 2023 ஜூனில் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள் அதற்கு ஒரு வாசலைத் திறந்திருக்கின்றன: ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில் வெயில் நேரத்துக்குக் குறைந்த கட்டணம், உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம். மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் அதை வீடுகள் வரை கொண்டுவந்து, இரண்டு விலைக்கும் நடுவே கண்ணில் படும் அளவுக்கு வித்தியாசம் வைத்தால், மதியம் சார்ஜ் போடுங்கள் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.